ஓதிக் கொடுக்கும் பிள்ளை

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்திற்குப் பேத்தியின் பொருட்டு நானும் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் அரைமணி நேரம் இரண்டாம் வகுப்பிற்கு அனுப்பி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் சிறுவர் சிறுமியருடன் உட்கார வைப்பதென்று ஒரு புதிய ஏற்பாட்டைத் தலைமையாசிரியை செய்திருந்தார். அதைப் பற்றி அவர் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போது கடைத்தெருவில் சிறு வியாபாரம் செய்யும் ஒரு தந்தை எழுந்து நின்றார். "டீச்சர், என் மகளைப் படிக்கத்தான் அனுப்பினேன், படித்துக் கொடுக்க அனுப்பவில்லை. அந்த அரைமணி நேரம் அவளுடையது. அதை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை தந்தது யார்?" என்றார். சொல்லிக் கொடுத்தால் அவளுக்கும் பாடம் நன்றாகப் பதியும் என்று தலைமையாசிரியை சமாதானம் கூறினார். தந்தை சமாதானம் அடையவில்லை. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதன்று என்பது உறைத்தது. ஒரு குழந்தையின் நேரத்தை மற்றொரு குழந்தையின் நன்மைக்காகச் செலவிடப் பெரியவர்களுக்கு உரிமை உண்டா? உண்டு என்றால் அதற்கு எல்லை எது? படிப்பு என்பது அவரவர் தனியே சேர்த்து வைக்கும் சொத்தா, அன்றி அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டிய அமானிதமா? கடைக்காரர் கேட்டது இவற்றையெல்லாம்தான். அவரிடம் இருந்த சொற்கள் வேறு, அவ்வளவே.

மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிய செய்தியன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நம் பாட்டனார்கள் நன்கு அறிவார்கள். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் முப்பது நாற்பது பேர். ஏட்டில் எழுதப் பழகியவன் மணலில் எழுதுகிறவனின் விரலைப் பிடித்தான். எண்சுவடியை மனனம் செய்து முடித்தவன் முன்னின்று சொல்ல, மற்றவர் பின்தொடர்ந்து ஒலித்தனர். வாத்தியார் இறுதியாகப் பாடம் கேட்டார்.

இத்தாலிய நாட்டு யாத்திரிகரான பியத்ரோ தெல்லா வாலே 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டில் பயணம் செய்தபோது, கோயில் மண்டபம் ஒன்றில் நான்கு சிறுவர்கள் தரையில் நுண்மணலைப் பரப்பிக் கணக்குப் பாடத்தைப் பாடிப் பாடி எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஆசிரியர் அங்கே இல்லை. ஐயம் வந்தால் யார் தீர்ப்பார்கள் என்று வினவியதற்கு, ஒரே இடத்தில் நால்வருக்குமே மறதி வந்துவிடாது, ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துக்கொள்வோம் என்னும் பொருள்பட அவர்கள் சிரித்துக்கொண்டே விடையளித்தார்களாம். இந்த விடையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் எனக்கு இது தேவைப்படும்.

இம்முறை கடல் கடந்து போன கதை சுவையானது. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் ஆங்கிலப் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக ஏற்பட்டிருந்த அநாதை இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றார். அப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தந்தை ஆங்கிலேயர், தாய் இந்நாட்டவர். ஒருநாள் அவர் வழியில் ஒரு மலபார்ப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். (அக்கால ஆங்கிலேயர் தமிழரையே மலபாரிகள் என்று எழுதி வந்தனர்.) குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதையே தம் இல்லத்திலும் செய்யலாமே என்று எண்ணினார். ஆனால் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் அந்தப் புதுமைக்கு இசையவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை, ஒரு சாதாரணப் படைவீரனின் மகனை, எழுத்து வகுப்பிற்கு ஆசிரியனாக்கினார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்த எட்டு வயதுப் பிள்ளை செய்து காட்டினான். பெல் 1796இல் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டே தம் சோதனையைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்கப்படுகிறது.

அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏழைப் பிள்ளைகளுக்கென 1798இல் பள்ளி தொடங்கி, இதை ஒத்த முறையைப் பெரிய அளவில் நடத்தினார். ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்பது அவர் முழக்கம். முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று இருவரின் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். மணலில் எழுதிய நம் பிள்ளைகளை அந்தச் சண்டையில் யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை! எனினும் ஒரு நேர்மையான ஒப்புதல் உண்டு. சென்னை மாகாணத்தின் கல்வி நிலையை ஆராயும்படி கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டபோது, பெல்லாரி கலெக்டர் காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவரைக் கொண்டு பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் உள்நாட்டு வழக்கத்தைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றே குறித்தார்.

கடல் கடந்தபோது முறை மாறாமல் போய்ச் சேர்ந்தது. நிய்யத்து மாறிவிட்டது. திண்ணையில் மூத்தவன் சொல்லிக் கொடுத்தது அவனுடைய படிப்பின் ஒரு படி. அப்படியே சொல்லிக் கொடுத்துத்தான் அவன் பாடத்தை உறுதி செய்துகொண்டான். லண்டனிலோ ஆலைத் தொழில் பெருகி, ஏழைப் பிள்ளைகள் தெருவில் பெருகிய காலம். அவர்களுக்குச் செலவில்லாமல் எழுத்தறிவு கொடுக்க வேண்டும். அதற்குச் சம்பளம் இல்லாத ஆசிரியர்கள் வேண்டும். பிள்ளைகள் கிடைத்தார்கள். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர, மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் எழுதி, ஒரு பொறியைப் போலப் பள்ளி ஓடியது. லங்காஸ்டர் பிரம்பை விலக்கியவர்தாம். ஆனால் தவறு செய்தவன் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவதும், கூடையில் வைத்துக் கூரையில் ஏற்றுவதும் அவர் முறையில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த நாட்டாரே இதை விட்டு விலகத் தொடங்கினர். 1846 முதல் பதின்மூன்று வயது நிரம்பியவர்களைச் சம்பளத்தோடும் பயிற்சியோடும் மாணவ ஆசிரியர்களாக அமர்த்தும் ஏற்பாடு வந்தது.

இதைச் சொல்லும்போது திண்ணையைப் பொன்னாக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. சட்டாம்பிள்ளை சொல்லிக் கொடுத்தான் என்பது மெய். வாத்தியாரின் பிரம்புக்கு அவன் இரண்டாவது கையாகவும் இருந்தான் என்பதும் மெய். யார் பிந்தி வந்தான், யார் பேசினான் என்று சொல்லிக் கொடுக்கும் வேலையும் அவனுடையதே. அவனுக்கு வீட்டிலிருந்து தின்பண்டம் கொண்டுவந்து கொடுத்துத் தப்பியவர்கள் உண்டு. கொடுக்க ஏதும் இல்லாதவன் அகப்பட்டுக்கொண்டான். திண்ணையில் ஏறவே இயலாதவர்களின் கதை வேறு. மன்றோ 1826இல் தொகுத்த கணக்கின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அவர்களில் பெண்பிள்ளைகள் வெறும் 4,540 பேர்.

இனிக் கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். தலைமையாசிரியை சொன்ன சமாதானத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1960களில் நியூயார்க் நகரின் ஏழைக் குடியிருப்புப் பகுதியொன்றில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சிறு ஊதியம் கொடுத்து, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். ராபர்ட் கிளவார்ட் என்னும் ஆய்வாளர் அதை அளந்து 1967இல் வெளியிட்டபோது, கற்றவர்களை விடக் கற்பித்தவர்களின் வாசிப்புத் திறனே மிகுதியாக வளர்ந்திருந்தது. பின்னர் 1982இல் இத்தகைய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இரு தரப்பாருக்குமே பயன் உண்டு என்று கண்டார்கள். டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் 1984இல் ஒரு படி மேலே போனார்கள். படிப்பை இடையில் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட மாணவர்களையே தேர்ந்தெடுத்து, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ஆசிரியராக்கினார்கள். தன்னை ஒருவன் எதிர்பார்த்துக் காத்திருக்கிறான் என்ற எண்ணம் பள்ளியை விட்டு ஓட நினைத்தவனை நிறுத்தி வைத்தது.

நம் பள்ளிகளிலோ முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைத்தான் இவ்வேலைக்கு எழுப்புகிறோம். வழுக்கி விழாதவனுக்கு வழுக்கும் இடம் எப்படித் தெரியும்? ணகரத்திற்கும் னகரத்திற்கும் நடுவே ஆறு மாதம் அல்லாடியவனுக்கே அடுத்தவனின் அல்லாட்டம் விளங்கும்.

ஆயினும் இந்தச் சமாதானத்தில் ஓர் இடறல் இருக்கிறது. கற்பிப்பவளுக்கும் இலாபம் உண்டு என்பதுதான் நியாயம் என்றால், இலாபம் இல்லாத நாளில் அந்த நியாயம் விழுந்துவிடும். அது மட்டுமன்று. அவளுக்குப் பாடம் பதிவதற்காக என்றால், எதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தை யார்? அவள் ஏறுவதற்கு வைத்த ஏணியா? ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளைக்குக் கருவியாக்காதீர் என்று தந்தை சொன்னார். அதற்கு நாம் கருவியைத் திருப்பிப் பிடித்துக் காட்டி விடை சொன்னோம்.

குடும்பத்தைப் பார்த்தால் வழி தெரியும் என்று சிலர் கூறுவர். அக்காள் தம்பிக்குச் சோறூட்டுகிறாள். அங்கே யார் கணக்குப் பார்க்கிறார்கள்? அழகான உவமைதான். ஆனால் நம் வீடுகளின் கதையை நாம் மறைக்கக் கூடாது. மூத்த பெண்பிள்ளை தம்பியைத் தூக்கினாள். பிறகு தங்கையைத் தூக்கினாள். பிறகு உம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாள் பள்ளிக்குப் போகாமல் நின்றாள். அந்த ஒருநாள் முடியவே இல்லை. தம்பிமார்கள் பட்டம் பெற்று வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த அந்த ராத்தா, இன்றும் அவர்களின் கடிதங்களை யாரேனும் படித்துக் காட்டத்தான் கேட்டு வந்திருக்கிறாள். எத்தனை குடும்பங்களில் இது நடந்தது! யாரும் கணக்குப் பார்க்காததால்தான் நடந்தது. எனவே அரைமணி நேரம் என்று அந்தத் தந்தை அளந்து பேசியதில் எனக்கு இப்போது குறை தெரியவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை மேலே கொண்டு செல்ல இயலாது. எனக்கு அப்போது பத்து வயது. ஊர் மதரஸாவில் அம்ம ஜுஸ்வை முடித்திருந்தேன். சுபுஹுக்குப் பின் ஐம்பது அறுபது பிள்ளைகள் வருவோம். உஸ்தாது ஒருவரே. அவர் என்னிடம் ஆறு வயதுப் பையன் ஒருவனை ஒப்படைத்து, இவனுக்கு எழுத்துகளை ஓதிக் கொடு என்றார். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. அவன் என்னைக் 'காக்கா, காக்கா' என்று அழைத்தான். அவனுடைய விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்துக் காட்டினேன். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாடு எனக்கே அப்போது தெளிவாக இல்லை. இரண்டையும் ஒன்றாகவே ஓதிக் கொடுத்தேன். ஒருமுறை அவன், "காக்கா, ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டான். "ஒண்ணுதான், ஓது" என்றேன்.

அடுத்த நாள் உஸ்தாது அவனிடம் பாடம் கேட்டார். அவன் நான் சொல்லிக் கொடுத்தபடியே ஓதினான். திருத்தினார். மீண்டும் அப்படியே ஓதினான். பிரம்பு விழுந்தது. அவன் அழுதுகொண்டே என்னைப் பார்த்தான். நான் என் ஜுஸ்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்காதான் இப்படிச் சொன்னார் என்று அவன் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பல ஆண்டுகளாக அந்தப் பிழையை என்னுடையதென்றே எண்ணி வந்தேன். பொய் சொன்னதும் மௌனம் காத்ததும் என்னுடையவைதாம். ஆனால் வயது ஏறிய பின் வேறொன்றும் தோன்றுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து கேட்டவர்களிடமும் பல கேள்விகளுக்கு எனக்குத் தெரியாது என்றே கூறியதாக வரலாறு சொல்லுகிறது. அத்துணைப் பெரிய மேதைக்கு அந்தச் சொல் எளிதாக வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படி வரும்? தெரியாது என்று சொன்னால் ஆசிரியப் பதவி போய்விடும் என்று அவன் அஞ்சுகிறான். தெரியாததைக் கேட்டு வரலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெல்லா வாலே கண்ட மண்டபத்தில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் பிழையை மற்றவன் பிடித்தான். அங்கே எவனும் எவனுக்கும் மேலே இல்லை. எனக்கும் அந்தச் சிறுவனுக்கும் நடுவே மூன்றாமவர் இல்லை. அதிகாரம் மட்டும் இருந்தது.

நம் பழைய மதரஸாக்களில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. நிஜாமிய்யா போன்ற இடைக்காலக் கல்விக்கூடங்களில் 'முஈத்' என்று ஒருவர் இருப்பார். முன்னேறிய மாணவராகிய அவர், ஆசிரியர் பாடம் நடத்தி முடித்த பின், பின்தங்கியவர்களுக்கு அதையே திரும்ப எடுத்துச் சொல்லுவார். ஆசிரியர் முன்னிலையில் கேட்ட பாடத்தையே சொல்லுவதால், பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள மூலம் அருகிலேயே இருந்தது. புதிதாக ஒன்றைத் தானே கற்பிக்கும் சுமை அவர் தலையில் ஏற்றப்படவில்லை.

அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் வரலாறும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி அது. மக்கள் வந்து போகும் நீர்நிலை ஒன்றின் அருகில் அவர்களுடைய கூட்டத்தார் வாழ்ந்தனர். வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டே அச்சிறுவர் திருக்குர்ஆன் வசனங்களை நெஞ்சில் பதித்துக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அவருடைய தந்தையார் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு திரும்பி வந்து, குர்ஆனை மிகுதியாக அறிந்தவரே தொழுகையை முன்னின்று நடத்த வேண்டும் என்ற கட்டளையைத் தெரிவித்தார். தேடிப் பார்த்தார்கள். ஆறு அல்லது ஏழு வயதான அந்தச் சிறுவரை விட மிகுதியாக அறிந்தவர் எவரும் இல்லை. அவரையே முன்னே நிறுத்தினார்கள். (சிறுவர் இமாமத் செய்வது குறித்து ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேற்றுமை நம் பேச்சுக்குரியதன்று.) அவர் அணிந்திருந்ததோ ஒரு சிறு போர்வை. ஸுஜூதுக்குப் போகும்போது அது மேலேறி உடல் தெரிந்தது. பின்னால் நின்ற பெண்மணி ஒருவர், உங்கள் ஓதுகிறவரின் மானத்தை மறைக்க மாட்டீர்களா என்று கேட்டார். உடனே துணி வாங்கி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சியை வேறெதனாலும் அடைந்ததில்லை என்று அவர்களே பின்னாளில் சொன்னார்கள்.

அறிவு வயதைப் பார்ப்பதில்லை என்று இந்நிகழ்ச்சியைக் காட்டிப் பேசுகிறவர்கள் அந்தச் சட்டையை விட்டுவிடுகிறார்கள். ஒரு குழந்தையை முன்னே நிறுத்தியவர்களுக்கு அவனை மூட வேண்டிய கடன் இருந்தது. அக்குறையை ஒருவர் கண்டு சொன்னார், மற்றவர்கள் அதைத் தீர்த்தார்கள். என் உஸ்தாது கெட்டவரல்லர். அறுபது பிள்ளைகளின் நடுவே என்னை முன்னே நிறுத்தினார். சட்டை தைக்க அவருக்கு நேரம் இல்லை.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்னும் முறை முதலில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பின்னர் 2007 முதல் மாநிலம் முழுவதும் வந்தபோது, வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். ஆசிரியர் துணையோடு படிக்கும் குழு ஒன்று, தோழர் துணையோடு படிக்கும் குழு வேறொன்று என்று பிரித்திருந்தார்கள். போய்ப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கீழே உட்கார்ந்து குழுக்குழுவாகச் சென்ற இடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து பதிவேடு எழுதிய இடத்தில் ஒரு சட்டாம்பிள்ளை உருவாகியிருந்தான்.

கூட்டம் முடிந்து சில நாள் கழித்துத் தலைமையாசிரியையைப் பார்த்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அரைமணி நேரத்தில் பத்து நிமிடத்தை, சொல்லிக் கொடுக்கப் போகும் பிள்ளைகள் தம் ஐயங்களை ஆசிரியையிடம் கேட்பதற்கென ஒதுக்கியிருக்கிறார். விருப்பம் இல்லாத பிள்ளையை வற்புறுத்துவதில்லை. கடைக்காரரின் மகளிடம் கேட்டதற்கு அவள் போகிறேன் என்றாளாம். தந்தை இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை. அவர் இசையாமல் கண்காணித்துக்கொண்டிருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆறு வயதுப் பையனைக் கடைசியாக ஒரு கலியாண வீட்டில் சந்தித்தேன். இருவருக்கும் தாடி நரைத்துவிட்டது. தம் பேரனை இழுத்து வந்து, "இந்தக் காக்காதான் எனக்கு முதன்முதல்ல ஓதிக் கொடுத்தவங்க, ஸலாம் சொல்லு" என்றார். ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடும்போது, நெடுங்காலம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். ஸாது, ஸீன், பிரம்பு எல்லாவற்றையும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "அடி வாங்கினது ஞாபகம் இருக்கு காக்கா. ஆனா முதல் நாள் ராத்திரியே நான் அதை வீட்டில தங்கச்சிக்கு ஓதிக் கொடுத்துட்டேனே! அவள் வாயில இருந்து அதை மாத்த எனக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றார்.